இலவசமாகக் கிடைத்த மென்பொருள் ஆக்டிவேட் ஆகாதபோது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விலைக்கு விற்கப்படும் ஒரு மென்பொருளை, அதைத் தயாரித்த நிறுவனமே சில மணி நேரத்துக்கோ சில நாள்களுக்கோ இலவசமாக வழங்குவதை ‘கிவ்அவே’ என்கிறார்கள். 2006 முதல் இயங்கிவரும் ‘கிவ்அவே ஆஃப் த டே’ என்ற தளம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அங்கே நாளொன்றுக்கு ஒரு மென்பொருள் 24 மணி நேரத்துக்குக் கிடைக்கும்; அந்த நேரத்துக்குள் பதிவிறக்கி, நிறுவி, ஆக்டிவேட் செய்துவிட (முழுப் பதிப்பாகத் திறந்துகொள்ள) வேண்டும். ‘ஷேர்வேர்ஆன்சேல்’ போன்ற வேறு தளங்களும் உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்தில் நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தளங்களிலேயே இப்படிச் சலுகை தருவதும் உண்டு. வீடியோ மாற்றி, பேக்கப் கருவி, அழிந்த கோப்புகளை மீட்கும் கருவி என்று பயனுள்ளவை பல இவ்வழியில் நேர்மையாகவே கிடைக்கின்றன.

ஆனால், முதல் முறை முயல்பவர்களில் பலர் “கீ வேலை செய்யவில்லை” என்ற ஒரே வாக்கியத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். கீ என்பது மென்பொருளைத் திறக்க இட வேண்டிய எழுத்து, எண் தொடர். என் அனுபவத்தில், கீ உண்மையிலேயே தவறாக இருப்பது அரிது. பதிவிறக்கம், பிரித்தெடுத்தல், நிறுவுதல், பதிவு செய்தல், சர்வருடன் (இணையத்தில் உள்ள நிறுவனத்தின் கணினியுடன்) தொடர்பு, லைசன்ஸைக் கணினியில் எழுதி வைத்தல் என்று வரிசையாக ஆறு வேலைகள் நடந்தால்தான் மென்பொருள் திறக்கும். இவற்றுள் எது தடைப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டால், அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆகவே, திரையில் தோன்றும் பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

லைசன்ஸ் எந்த வடிவில் வருகிறது?

எல்லாச் சலுகைகளும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. சிலவற்றில் லைசன்ஸ், நிறுவும் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கும். தனியாக எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. சிலவற்றில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கீ, கூடவே வரும் ‘ரீட்மீ’ என்ற உரைக் கோப்பில் இருக்கும். சிலவற்றில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால், உங்களுக்கென்று ஒரு தனிக் கீ அஞ்சலில் வரும். இன்னும் சிலவற்றில் நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கி, அதே கணக்கின் வழியே மென்பொருளுக்குள் நுழைய வேண்டும். லைசன்ஸ் ஒரு தனிக் கோப்பாக வந்து, அதை மென்பொருளுக்குள் இறக்குமதி செய்ய வேண்டிய வகையும் உண்டு.

இந்த வேறுபாடு தெரியாததால் ஏற்படும் குழப்பம் கொஞ்சமல்ல. லைசன்ஸ் ஏற்கெனவே பொதிந்துள்ள மென்பொருளை நிறுவிவிட்டு, இல்லாத கீயைத் தேடி அரை நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுவி முடித்தவுடன் மென்பொருளைத் திறந்து, ‘ஹெல்ப்’ மெனுவின் கீழ் உள்ள ‘அபவுட்’ என்ற சாளரத்தைப் பாருங்கள். அங்கே ‘ரிஜிஸ்டர்டு’ என்றோ ‘லைசன்ஸ்டு’ என்றோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. ‘டிரையல்’ என்றோ ‘அன்ரிஜிஸ்டர்டு’ என்றோ இருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். ரீட்மீ கோப்பை நிறுவுவதற்கு முன்பே ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது, இந்தக் கட்டுரையின் பாதியைப் படிப்பதற்குச் சமம்.

கடிகாரம் யாருடையது?

‘இன்று மட்டும்’ என்று எழுதியிருந்தால், அது யாருடைய ‘இன்று’ என்று கேளுங்கள். கிவ்அவே ஆஃப் த டே தளத்தில் நாள் மாறுவது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில். இந்திய, இலங்கை நேரப்படி அது கோடைக்காலத்தில் பகல் 12.30 மணி; அமெரிக்காவில் கோடை நேரம் முடிந்துவிட்ட நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பிற்பகல் 1.30 மணி. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் அது கோடைக்காலத்தில் பிற்பகல் 3 மணி, மற்றக் காலத்தில் 4 மணி. காலையில் பதிவிறக்கி வைத்துவிட்டு, மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பி நிறுவலாம் என்று நினைக்கும் நம் ஊர்க்காரர், அதற்குள் சலுகை முடிந்து பல மணி நேரம் ஆகிவிட்டதை அறியமாட்டார். நானும் இப்படி இரண்டு மென்பொருள்களை இழந்த பிறகே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இத்தகைய நிறுவிகளில் (நிறுவும் கோப்புகளில்) சில, இயங்கத் தொடங்கியவுடன் இணையத்தோடு தொடர்பு கொண்டு, சலுகை இன்னும் நடப்பில் உள்ளதா என்று சரிபார்க்கும். ஆகவே கோப்பை நேரத்துக்குள் பதிவிறக்கியது மட்டும் போதாது. நிறுவுவதும் ஆக்டிவேட் செய்வதும் அதே நேரத்துக்குள் முடிய வேண்டும். கணினியின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி வைத்தால் ஏமாற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நேரத்தைச் சொல்வது அவர்களுடைய சர்வர் என்பதால் அது பலிக்காது. கடிகாரம் தவறானால் வேறு ஒரு புதிய சிக்கல் முளைக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜிப் கோப்புக்குள்ளிருந்தே இயக்காதீர்கள்

புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகப் பொதிந்தது ஜிப் கோப்பு. பதிவிறக்கிய அதை இருமுறை கிளிக் செய்தால், விண்டோஸ் அதை ஒரு சாதாரணக் கோப்புறையைப் போலவே திறந்து காட்டுகிறது. உள்ளே தெரியும் ‘செட்டப்’ கோப்பை அங்கிருந்தே இயக்கினால், விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடமொன்றுக்கு எடுத்துச் சென்று இயக்கும். கூடவே இருந்த தரவுக் கோப்பும் லைசன்ஸ் கோப்பும் ஜிப்புக்குள்ளேயே தங்கிவிடும். நிறுவி தன் துணைக் கோப்புகளைத் தேடிக் காணாமல், ‘கோப்பு இல்லை’ என்று நின்றுவிடும். அல்லது எதுவும் சொல்லாமல், லைசன்ஸ் இல்லாத சோதனைப் பதிப்பை நிறுவிவிடும்.

ஜிப் கோப்பின் மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரித்தெடுக்கும் இடத்தை, சி டிரைவிலேயே ‘டெஸ்ட்’ என்பது போன்ற குட்டிப் பெயர் கொண்ட ஒரு கோப்புறையாகக் கொடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையைத் திறந்து, செட்டப் கோப்பின் மீது மீண்டும் வலப்பொத்தானை அழுத்தி, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து இயக்குங்கள்.

அதே மென்பொருளின் பழைய சோதனைப் பதிப்பை எப்போதாவது நிறுவியிருந்தால், அதை முதலில் நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள். சோதனைக் காலம் முடிந்த செய்தியை அது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் தரவுத்தளத்தில்) எங்காவது எழுதி வைத்துப் போயிருக்கலாம். புதிய பதிப்பு அதைப் படித்துவிட்டு ‘காலம் முடிந்தது’ என்று அடம் பிடிக்கும். ‘ரீவோ அன்இன்ஸ்டாலர்’ போன்ற இலவசக் கருவிகள் இந்த எச்சங்களையும் சேர்த்துத் துடைக்க உதவும்.

ஆன்டிவைரஸ் குறுக்கிட்டால்

கோப்பு காணாமல் போய்விட்டது, செட்டப் இயங்கத் தொடங்கி நடுவில் மறைந்துவிட்டது என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’ என்ற பகுதியைப் பாருங்கள். தடுக்கப்பட்ட கோப்பின் பெயரும் நேரமும் அங்கே பதிவாகியிருக்கும். இதைத் தவிர, ‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்ற பொருளில் நீல நிறப் பெட்டி ஒன்று தோன்றுவதும் உண்டு. அது ஸ்மார்ட்ஸ்கிரீன் எனப்படும் வேறொரு காவலர். பலரும் பதிவிறக்கிப் பழகிய கோப்பா, அதன் வெளியீட்டாளர் அறிமுகமானவரா என்பதையே அது முக்கியமாகப் பார்க்கிறது; அன்றைய தினம் புதிதாகத் தயாரிக்கப்பட்ட கிவ்அவே கோப்பு அதன் கண்ணுக்கு அந்நியமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இங்கே அவசரப்படக் கூடாது. நேரக் கட்டுப்பாடும் லைசன்ஸும் வைத்துப் பொதியப்பட்ட நிறுவிகளைச் சில ஆன்டிவைரஸ்கள் தவறாகச் சந்தேகிப்பது உண்மைதான். அதே சாக்கைச் சொல்லிக் கெட்ட கோப்பை உள்ளே விடச் செய்யும் தளங்கள் இருப்பதும் உண்மைதான். கோப்பை ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் ஏற்றிப் பாருங்கள். 2012 முதல் கூகுளின் வசமுள்ள அந்தத் தளம், ஒரே கோப்பை ஏறத்தாழ எழுபது ஆன்டிவைரஸ் இயந்திரங்களிடம் காட்டி, ஒவ்வொன்றின் முடிவையும் தரும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் பொதுவான ஒரு பெயரில் எச்சரித்தால், பெரும்பாலும் அது தவறான சந்தேகம். நன்கறிந்த நிறுவனங்கள் பல ஒரே பெயரைச் சொல்லி எச்சரித்தால், அந்தச் சலுகையை அன்றோடு மறந்துவிடுங்கள். கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற தாவல் இருந்தால், கையொப்பமிட்டவர் மென்பொருளைத் தயாரித்த நிறுவனந்தானா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆன்டிவைரஸை முழுவதுமாக அணைக்கச் சொல்லும் எந்த வழிமுறையையும் நான் பின்பற்றுவதில்லை. இலவசச் சலுகைக்கு வங்கி அட்டையின் எண்ணைக் கேட்கும் பக்கத்திலும் நான் நிற்பதில்லை.

விண்டோஸ் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் விற்கப்பட்ட சில மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இல்லாத எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பிழையன்று, செட்டிங்ஸில் சென்று அந்த நிலையிலிருந்து வெளியேறலாம், ஆனால் மீண்டும் அதற்குத் திரும்ப முடியாது.

பதிவுப் பக்கமும் வராத மின்னஞ்சலும்

பதிவுப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை என்றால், முதல் சந்தேகம் விளம்பரத் தடுப்பான் மீது விழ வேண்டும். அது பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் என்ற நிரலையோ, நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் படப் புதிரையோ தடுத்திருக்கக்கூடும். தடுப்பானை அந்தப் பக்கத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள்; பலன் இல்லையென்றால் வேறொரு உலாவியில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

‘இந்த முகவரியிலிருந்து ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது’ என்ற செய்தி, முதன்முதலாக வரும் ஒருவரைத் திகைக்க வைக்கும். ஒரு ஐபி முகவரிக்கு (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கு) ஒரு கீ என்று சில பக்கங்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மொபைல் இணையத்திலோ, ஒரே ஐபி முகவரி பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாகப் பகிரப்படுகிறது. உங்கள் ஊரில் முகம் தெரியாத யாரோ ஒருவர் உங்களுக்கு முன் கீயை வாங்கியிருக்கலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வீட்டு பிராட்பேண்டுக்கோ, அதிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கோ மாறினால் வழி திறக்கும்.

மின்னஞ்சல் வரவில்லை என்றால், ஸ்பேம் கோப்புறையைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஜிமெயிலில் ‘புரமோஷன்ஸ்’ என்ற தாவலில் இத்தகைய அஞ்சல்கள் அமைதியாக உறங்கிக்கொண்டிருக்கும். தேடும் பெட்டியில் மென்பொருளின் பெயரைக் கொடுத்து, ‘ஆல் மெயில்’ முழுவதும் தேடுவதே நல்லது. சில நிறுவனங்கள் முதலில் ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பை அனுப்பும். அதைச் சொடுக்கிய பிறகுதான் கீ அடங்கிய இரண்டாவது அஞ்சல் கிளம்பும். முதல் அஞ்சலை விளம்பரம் என்று அழித்துவிட்டு, இரண்டாவதற்காகக் காத்திருப்பதில் பயனில்லை. பத்து நிமிடத்தில் அழிந்துவிடும் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைப் பல தளங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும், நாளை அதே கணக்குக்குள் நுழைய வேண்டி வந்தால் வழி இருக்காது. இத்தகைய பதிவுகளுக்கென்றே நிலையான ஒரு தனி முகவரி வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். விளம்பர அஞ்சல்களும் அங்கேயே போய்ச் சேரட்டும்.

கீயை இடும் முறை

கீயைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். சுழியத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும், ஒன்று என்ற எண்ணையும் ‘ஐ’, ‘எல்’ எழுத்துகளையும் பிரித்தறிவது பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இயலாத காரியம். நகலெடுத்து ஒட்டுங்கள். ஆனால் நகலெடுக்கும்போது முன்னாலோ பின்னாலோ ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். மின்னஞ்சலில் நீளமான கீ இரண்டு வரிகளாக உடைந்திருந்தால் நடுவில் ஒரு வரிமுறிவும் வரும். எனவே முதலில் நோட்பேடில் ஒட்டி, ஒரே வரியாக்கி, ஓரங்களைச் சுத்தம் செய்து, அதன் பிறகு மென்பொருளுக்கு எடுத்துச் செல்லுங்கள். சிறுகோடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

பெயரும் கீயும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டிய மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் கீ என்பது பெயரிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே ரீட்மீ கோப்பில் கொடுத்துள்ள பெயரை, எழுத்தின் பெரிது சிறிதுகூட மாறாமல் அப்படியே இட வேண்டும். உங்கள் சொந்தப் பெயரை ஆசையாக எழுதினால் அந்தக் கீ செல்லாது. பதிப்பும் அதேபோல் முக்கியம். கிவ்அவே கீ, பெரும்பாலும் அன்று வழங்கப்பட்ட அந்தப் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். சலுகைப் பக்கத்தில் உள்ள நிறுவியை விட்டுவிட்டு, நிறுவனத்தின் முதற்பக்கத்திலிருந்து ‘இன்னும் புதியது’ என்று வேறொன்றைப் பதிவிறக்கினால், கீ சரியாகவே இருந்தும் ‘தவறான கீ’ என்ற பதில்தான் வரும். ‘புரோ’, ‘ஹோம்’, ‘அல்டிமேட்’ என்ற வகைப் பெயர்களையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தமிழ்99 விசைப்பலகையை இயக்கத்தில் விட்டுவிட்டுக் கீ பெட்டியில் எழுதினால், ஒன்று தமிழ் எழுத்துகள் விழும், அல்லது எதுவுமே விழாது. பெயர்ப் பெட்டியில் தமிழில் பெயரை எழுதினால், பழைய மென்பொருள்கள் அதை வரிசையான கேள்விக்குறிகளாக மாற்றிவிடும். பெயரோடு கீயை ஒப்பிடும் மென்பொருளில் அதுவே தோல்விக்குக் காரணமாகும்.

விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அப்போது பயனர் கோப்புறையின் பெயரும் தமிழிலேயே அமைந்துவிடும். நிறுவிகள் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புறை அதற்கு உள்ளேதான் இருக்கிறது. யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறை) அறியாத பழைய நிறுவிகளால் அந்தப் பாதையைப் படிக்க முடியாது. ‘யூனிகோடு அல்லாத மென்பொருள்களுக்கான மொழி’ என்ற அமைப்பை மாற்றினால் சரியாகும் என்று சீன, ரஷ்ய மொழிப் பயனர்களுக்குச் சொல்லப்படும் தீர்வு நமக்கு உதவாது. ஏனெனில் அந்த அமைப்பில் பயன்படும், யூனிகோடுக்கு முந்தைய குறிமுறைப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது. ஆங்கில எழுத்துகளில் பெயர் கொண்ட புதிய உள்ளூர்க் கணக்கொன்றை, நிர்வாகி உரிமையோடு உருவாக்கி, அதில் நுழைந்து நிறுவுவதே எளிய வழி.

“சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை”

கீ ஏற்கப்படாததும் சர்வர் கிடைக்காததும் வேறு வேறு நோய்கள். இரண்டாவது செய்தி வந்தால் கீயை மறுபடி மறுபடி இட்டுப் பார்ப்பது வீண். முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாதுகாப்பான இணைப்புகள் எல்லாம், சர்வரின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் மின்சான்றிதழின் காலத்தைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டே திறக்கின்றன; தேதி சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தால் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி முடிவு செய்துவிடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைப்பதுதான்.

அடுத்து, ஹோஸ்ட்ஸ் கோப்பு; எந்தத் தளப் பெயரை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல் இது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று கோப்புறைகளை வரிசையாகத் திறந்து சென்றால் அங்கே இருக்கும். நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, அதன் வழியாக இந்தக் கோப்பைத் திறவுங்கள். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி, அந்த மென்பொருள் நிறுவனத்தின் தளப் பெயரோடு முடியும் வரி இருந்தால், அந்தச் சர்வருக்குப் போகும் வழியைக் கணினியே அடைத்து வைத்திருக்கிறது. இரண்டாம் கையாக வாங்கிய கணினிகளிலும், ‘எல்லா மென்பொருளும் போட்டுத் தருகிறேன்’ என்று கடையில் நிரப்பிக் கொடுத்த கணினிகளிலும் இந்த வரிகளை நான் அடிக்கடி காண்கிறேன். முன்பு யாரோ திருட்டுப் பதிப்பை நிறுவியபோது, அசல் சர்வரோடு பேசாமல் தடுப்பதற்காக எழுதி வைத்தவை அவை. அந்த வரிகளை மட்டும் அழித்துச் சேமித்தால், நேர்மையாகப் பெற்ற லைசன்ஸ் உடனே வேலை செய்யும்.

விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் காரணங்கள் உண்டு. இன்றைய சர்வர்கள் எதிர்பார்க்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறையை அது அறிந்திருந்தாலும், பல மென்பொருள்கள் பயன்படுத்தும் பகுதியில் இயல்பாக அதை இயக்கி வைப்பதில்லை. அதற்கான மேம்படுத்தலை நிறுவியிருக்க வேண்டும். டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோதும், மேம்படுத்தப்படாத பழைய கணினிகள் பலவற்றில் இணைப்புகள் அறுந்தன. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. அதில் போராடுவதைவிட, புதிய விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் முயல்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அலுவலக, கல்லூரி இணையங்களில் ஃபயர்வால் எனப்படும் இணையக் காவல் தடுக்கலாம். வேறொரு நாட்டின் வழியே இணையத்தை இணைக்கும் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் சலுகை செல்லாத நாட்டிலிருந்து நீங்கள் வருவதாகச் சர்வர் நினைக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் தொடர்பு கிடைக்காவிட்டால், கூட்டம் அதிகமாக இருக்கிறது என்றே கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள். கடைசி மணி நேரம் வரை காத்திருக்காதீர்கள்.

ஏற்றுக்கொண்டது, மறுநாள் மறந்துவிட்டது

நேற்று ‘நன்றி, பதிவு செய்யப்பட்டது’ என்று சொன்ன மென்பொருள் இன்று மறுபடியும் கீ கேட்கிறதா? இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். முதலாவது, லைசன்ஸைச் சேமிக்க உரிமை இல்லாமை. பழைய மென்பொருள்கள் தங்கள் லைசன்ஸை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலோ, ரெஜிஸ்ட்ரியின் பொதுப் பகுதியிலோ எழுத முயல்கின்றன. விஸ்டா காலம் முதல் விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை; அவற்றை ஏமாற்றி, ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற தனிப்பட்ட நிழல் கோப்புறையில் எழுதச் செய்கிறது, அல்லது மறுத்துவிடுகிறது. மென்பொருளை ஒருமுறை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, கீயை இட்டு, முழுதாக மூடிவிட்டு, பிறகு வழக்கம்போல் திறந்தால் அது நிலைத்துவிடும்.

இரண்டாவது காரணம் மேம்படுத்தல். ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்று அன்போடு கேட்கும் பெட்டியில் சம்மதம் கொடுத்தால், கிவ்அவே பதிப்பு அழிந்து, லைசன்ஸ் செல்லாத புதிய சோதனைப் பதிப்பு அதன் இடத்தில் அமர்ந்துவிடும். சலுகையின் நிபந்தனைகளிலேயே இலவச மேம்படுத்தல் கிடையாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். எனவே ஆக்டிவேட் ஆனவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, செட்டிங்ஸில் சென்று தானியங்கி மேம்படுத்தலை அணைப்பது. ஒரு விலக்கும் சொல்ல வேண்டும்: இணையத்தோடு நேரடியாக உறவாடும் கருவியை, பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது நல்லதன்று. படங்களின் அளவை மாற்றும் கருவி பழையதாக இருந்தால் பெரிய கேடில்லை. கடவுச்சொல் காப்பான் பழையதாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, நீங்களே அழித்துவிடுவது. ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் கருவிகளும், பழைய தேதிக்குத் திரும்பும் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ வசதியும் லைசன்ஸையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும். பயந்துகொண்டு ‘விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்’ எனப்படும் தனியறையில் நிறுவிப் பார்ப்பவர்கள், அதை மூடியவுடன் உள்ளே இருந்த அனைத்தும் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கணினிக்கு ஒரே முறை செல்லும் கீயை அங்கே செலவழித்துவிட்டால், மறுமுறை ‘எல்லை கடந்துவிட்டது’ என்றே பதில் வரும்.

மீண்டும் நிறுவ வேண்டி வந்தால்

வன்தட்டை மாற்றினாலோ விண்டோஸைப் புதிதாக நிறுவினாலோ, கிவ்அவே லைசன்ஸ் மறுபடி செல்லும் என்று நம்பாதீர்கள். நிறுவிக்குள் பொதிந்து வரும் லைசன்ஸ்கள் நாள் கடந்தபின் பெரும்பாலும் மீண்டும் ஏற்கப்படுவதில்லை. கணினியின் உறுப்புகளை அடையாளமாகக் கொண்டவை மாற்றத்தைக் கண்டவுடன் மறுத்துவிடும். தனிக் கீ பெற்றவைதான் சில வேளைகளில் மீண்டும் ஏற்கின்றன. எதுவாயினும், நிறுவி, ரீட்மீ, கீ வந்த அஞ்சலின் நகல், ‘லைசன்ஸ்டு’ என்று காட்டும் சாளரத்தின் படம், சலுகை முடியும் தேதியைக் காட்டும் பக்கத்தின் படம் ஆகியவற்றை, மென்பொருளின் பெயரும் தேதியும் இட்ட ஒரே கோப்புறையில் வைத்து, வேறொரு டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே இழக்க விரும்பாத மென்பொருள் என்றால், ‘குளோன்சில்லா’ போன்ற இலவசக் கருவியால் முழு சி டிரைவையும் ஒரு பிம்பமாக (அச்சு அசலான நகலாக) எடுத்து வைப்பது உறுதியான வழி; அதே கணினியில் அந்தப் பிம்பத்தை மீட்டால், லைசன்ஸும் பெரும்பாலும் கூடவே திரும்பும்.

உதவி கேட்டு எழுதும்போது

இலவசச் சலுகைக்குத் தொழில்நுட்ப உதவி கிடையாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. ஆயினும் ஆக்டிவேஷன் சர்வரே பழுதாகியிருந்தால், நிறுவனங்கள் பதில் சொல்வதுண்டு; தங்கள் தவறால் நேரம் வீணானவர்களுக்குச் சலுகையை நீட்டித்த நிறுவனங்களையும் கண்டிருக்கிறேன். “வேலை செய்யவில்லை, உதவுங்கள்” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. மென்பொருளின் பெயரும் துல்லியமான பதிப்பு எண்ணும், விண்டோஸின் பதிப்பு, எந்தப் படியில் நின்றது, பிழைச் செய்தியின் முழு வாசகமும் அதன் படமும், முயன்ற தேதியும் நேரமும் நேர மண்டலத்தோடு, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி, நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்தவை ஆகியவற்றைப் பத்து வரிக்குள் எழுதுங்கள். கீ அடங்கிய படத்தைப் பொதுவிடங்களில் போடாதீர்கள். நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு மட்டும் அனுப்புங்கள். சலுகை முடிவதற்குள் அந்த அஞ்சல் போய்ச் சேர்ந்திருந்தால், பதில் இரண்டு நாள் கழித்து வந்தாலும், நீங்கள் நேரத்துக்குள் முயன்றதற்கு அதுவே சான்றாக நிற்கும்.